அசையுதுன்னு சொல்லாதே கண்ணு

விமானத்து ப்ரொப்பெல்லரைக் காணோம்னு விடியக்காலத்துல இருந்து ஊட்டையே பொரட்டிப் போட்டுட்டு இருக்கறே. ஆசாரத்துல தேடியாச்சு, பொடக்காளியில தேடியாச்சு, கட்டுத்தரையில மாட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பார்த்தாச்சு. எலி கிலி தூக்கிட்டுப் போயிருக்கும், உடு கண்ணு. கெடைக்கறப்பக் கெடைக்கட்டும். சித்தெ இப்படித் திண்ணையில வந்து குந்து. விமானம் ஓட்டற உன்ற புது ரேடியோப் பொட்டியப் பத்திக் கொஞ்சம் நாயம் பேசலாம்.

நல்ல பொட்டிதான். நான் கொறை சொல்லலை. நீ பிரிக்கறப்பப் பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தான இருந்தேன். அடியில இருந்த பஞ்சைக்கூடப் பத்திரமா எடுத்து வெச்சே. ஸ்க்ரீன் மேல ஒட்டியிருக்கற பாலித்தீனை இன்னும் உரிக்கலை. அது நம்ம ஊட்டு வழக்கம்தான். உங்கப்பன் டிராக்டர் வாங்கி ஏழு வருசமாகுது, சீட்டுல பாலித்தீன் இன்னும் பாதி இருக்குது. கூட வந்த புஸ்தகத்தை மட்டும் நீ தொடவே இல்லை. பரவால்லை, உங்கப்பத்தா அதுமேல கறிவேப்பிலை ஒணத்தறா. வீணாப் போகலை.

வெலை என்னன்னு அவ கேட்டதுக்கு ரெண்டாயிரம்னு சொன்னே பாரு, அந்த எடத்துல நீ என்ற பேரன்தான்னு உறுதியாயிப் போச்சு. கடைசியில ஒரு சைபரை முழுங்கிட்டே. நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். நான் மோட்டார் ரூமுக்குப் பொறகால பீடி குடிக்கறதை நீயும் சொல்லாதே.

16 சேனலாமா! பதினாறும் பெத்துப் பெருவாழ்வு வாழோணும்னு பொண்ணு மாப்பிள்ளையத்தான் வாழ்த்துவாங்க. அந்த வாழ்த்து ரேடியோப் பொட்டிக்குப் பலிச்சிருக்குது. உன்ற விமானத்துக்கு வேணுங்கறது நாலு. சாய்க்கறதுக்கு ஏலரான், மூக்கைத் தூக்க எலிவேட்டர், வாலைத் திருப்ப ரட்டர், மோட்டாருக்கு த்ராட்டில். மிச்சம் 12 சேனலை என்ன பண்ணுவேன்னு கேட்டா, ‘பின்னாடி யூஸ் ஆகுமுங்க அப்பாரு’ங்கறே. உங்கப்பனும் அப்படித்தான் பின்னாடி ஆகும்னு நாலு ரூமு சேர்த்துக் கட்டினான். மூணுல வெங்காயம் கெடக்குது, ஒண்ணுல நீ கெடக்கறே.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்ங்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதே. எனக்கு இப்ப வயசு 72. நான் மொதமொதல்ல கையில எடுத்த விமான ரேடியோவும் 72 தான், 72 மெகாஹெர்ட்ஸ். 1985 வாக்குல கோயமுத்தூர்ல மோட்டார் காயில் கட்டற பட்டறையில இருந்தேன். ஒரு காலேஜு வாத்தியார், சால்டரிங் உட்டுப்போச்சுன்னு ஒரு பொட்டியக் கொண்டாந்தாரு. ஒத்த வயரை ஒட்டவெச்சுக் குடுத்தேன். காசுக்குப் பதிலா ஞாயித்துக்கெழமை மைதானத்துக்கு வாப்பான்னாரு. அன்னைக்குப் புடிச்ச கெரகம், ஆறு வருசம் உடலை. நான் பறக்கவுடலை. விமானத்தைப் புடிச்சுட்டு நிக்கறது, உழுந்தாப் பொறுக்கறது, இதுதான் என்ற உத்தியோகம்.

அப்பெல்லாம் பொட்டிக்குள்ள ஒரு கிறிஸ்டல், விமானத்துக்குள்ள அதுக்குச் சோடி ஒண்ணு. பொட்டிமேல ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏரியல், மீன் புடிக்கற தூண்டில் மாதிரி நீட்டிக்கோணும். ஒரே நம்பர்ல ரெண்டு பேரு சுவிட்சைப் போட்டா, ஆகாசத்துல இருக்கறவன் கதை முடிஞ்சுது. அதுக்காக மைதானத்துல ஒரு பலகையில துணிக்கு மாட்டற க்ளிப்பு வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு சேனல் நம்பர் எழுதி. அந்த க்ளிப்பை எடுத்துத் தன்ற ஏரியல்ல மாட்டினவன்தான் சுவிட்சைப் போடலாம். ஒருத்தன் க்ளிப்பை மறந்து சோப்புல போட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டான்னா அந்த நம்பர்க்காரனுக்கெல்லாம் அன்னைக்குப் பட்டினி. நீ பொறந்ததுல இருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ், உனக்கு அந்தத் தொல்லை தெரியாது. 2005க்கு அப்பறம் வந்த சொகம் அது.

வாத்தியார் நல்லாக் கதை சொல்லுவாரு. அமெரிக்காவுல குட்னு பேரு வெச்ச ரெட்டைப் பொறப்பு அண்ணந்தம்பி, 1937ல ரேடியோவுல விமானம் ஓட்டினாங்களாமா. ‘கஃப்’ன்னு அதுக்குப் பேரு. அது இன்னைக்கு ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்குது. அவங்க பொட்டியில மெனு இல்லை, பேசற பொம்பளைக் கொரல் இல்லை. இருந்திருந்தா இன்னும் மெனுவுக்குள்ளயே இருந்திருப்பாங்க, விமானம் மியூசியத்துக்குப் போயிருக்காது.

அந்த வாத்தியார் ஒருக்கா உன்னைய மாதிரியே புது ரேடியோ வாங்கினாரு. வேற கம்பெனி. ஏலரானை எல்லாம் அசைக்கற சர்வோவும் புதுசு. விமானம் பழசு, பால்சா மரத்துல நாலு மாசம் உக்காந்து செதுக்கினது. சனிக்கெழமை ராத்திரி பழசைக் கழட்டிப் புதுசை உள்ளார வெச்சோம். அவரு பொட்டியப் புடிச்சுக் குச்சியை ஆட்டறாரு, நான் லைட்டைப் புடிச்சுட்டு றெக்கையப் பார்க்கறேன். “அசையுதா?”ன்னாரு. “அசையுதுங்க சார்”ன்னேன். “அது?” “அதுவும் அசையுதுங்க.” ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டுத் தூங்கப் போயிட்டோம்.

காலையில கெளப்பினோம். சக்கரம் தரைய உட்டுது. எடக்கட்டால லேசா ஒரு காத்து. விமானம் எடப்பக்கம் கொஞ்சூண்டு சாஞ்சுது. அவரு வலப்பக்கம் குச்சியத் தள்ளினாரு. இன்னும் எடக்கட்டால சாஞ்சுது. இன்னும் வலப்பக்கம் தள்ளினாரு. தள்ளத் தள்ள அது அக்கட்டால பொரண்டு, தலைகீழாப் போயி வேல மரத்துல அடிச்சுது. மொத்தம் எட்டு செகண்டு இருக்கும். நாலு மாசத்து மரவேலையச் சாக்குல அள்ளிட்டு வந்தேன். மனுசன் என்னையத் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. சைக்கிள்ல ஏறப்போறப்ப மட்டும் கேட்டாரு: “அசையுதுன்னு சொன்னியே, எந்தப் பக்கம்னு பார்த்தியாப்பா?”

நேத்து ராத்திரி நீ ‘அசையுதுங்க அப்பாரு, அசையுதுங்க அப்பாரு’ன்னு குதிச்சப்ப எனக்கு அந்தச் சாக்கு மூட்டைதான் கண்ணுல வந்துச்சு.

ஆனா நீ என்ற பேச்சைக் கேக்காதே. படிச்ச புள்ளை. நீ பாட்டுக்குப் பறக்கவுடு. உன்ற விமானம் உழுகோணும்னு ஊருல நாலு பேரு வேண்டிட்டுத்தான் இருக்காங்க. வடக்கால ஊட்டுப் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல மாடல் செய்ய தெர்மாகோல் வேணுமாமா. நம்ம ஆட்டுக்காரன் போன தடவை உன்ற வாலை எடுத்துட்டுப் போயி அடுப்பு விசிறிட்டு இருக்கறான். ரெட்டை வாலு இருந்தா நல்லா இருக்கும்ங்கறான். ஊருக்கு நல்லது பண்ணோணும்னா ஒண்ணும் பார்க்காமக் கெளப்பு. ஊட்டுக்கு நல்லது பண்ணோணும்னாத்தான் மேல கேளு.

மொதல்ல இந்த பைண்டு. விமானத்துக்குள்ள இருக்கற ரிசீவர்ல அந்தச் சின்ன முளையச் சொருகி, லைட்டு துடிக்க, பொட்டியில பட்டனை அமுக்கி, லைட்டு நின்னதும் நீ கை தட்டினே. நடக்கறது என்னன்னு தெரியுமா? பொழுதோட செம்மறிப்பட்டி திரும்பி வர்றதைப் பார்த்திருக்கறயில்ல. நூறு ஆடு ஒண்ணாக் கத்தும். பட்டிக்குள்ள இருக்கற குட்டி ஒவ்வொண்ணும் அதுனுடைய ஆத்தா சத்தத்தை மட்டும் புடிச்சு ஓடும். உன்ற பொட்டிக்குன்னு ஒரு தனி நம்பர் இருக்குது, ரிசீவர் அதை மனப்பாடம் பண்ணிக்குது. அப்பறம் பக்கத்துல பத்துப் பேரு பொட்டியப் போட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. துணி க்ளிப்புக்கு வேலை போனது இப்படித்தான்.

ஆத்தா சத்தம் கேக்கலைன்னா குட்டி என்ன பண்ணும்? நின்ன எடத்துல நிக்கும். உன்ற விமானம் என்ன பண்ணும்? அதை நீதான் சொல்லி வைக்கோணும், அதுக்குத்தான் ஃபெயில்சேஃப். சொல்லலைன்னா கடைசியாக் கேட்ட பேச்சையே புடிச்சுட்டு முழு த்ராட்டில்ல வெள்ளகோயில் வரைக்கும் போனாலும் போகும். சில பொட்டியில பைண்டு பண்றப்பக் குச்சி எங்க நின்னுச்சோ அதையே புடிச்சுக்கும், சிலதுல மெனுவுல போயித் தனியா வைக்கோணும். உன்றது எதுன்னு கறிவேப்பிலைக்கு அடியில எழுதியிருக்குது. வெச்ச பொறவு நம்பிடாதே. ப்ரொப்பெல்லர் இல்லாம மோட்டாரைப் பாதி ஓட்டு, பொட்டிய அணைச்சுப் பாரு. மோட்டார் நிக்கோணும். நிக்கலைன்னா நிறுத்தற வரைக்கும் நீ ஊட்டை உட்டு வெளிய போகக் கூடாது.

ப்ரொப்பெல்லர் இல்லாமங்கறதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். இந்த எடக்கைச் சுட்டுவிரலைப் பாரு. நகத்துக்குக் கீழ கோணையா ஒரு தழும்பு இருக்குதில்ல, உங்கப்பத்தாகிட்ட நான் வெங்காயம் அரிஞ்சதுன்னு சொல்லியிருக்கறேன். நான் என்னைக்குக் கண்ணு வெங்காயம் அரிஞ்சேன்? அது சின்ன இஞ்சின், மரத்துல செஞ்ச எட்டு இஞ்சு ப்ரொப்பெல்லர். உன்றது 1000 கேவி மோட்டார். அப்படின்னா ஒரு வோல்ட்டுக்கு நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து. மூணு செல்லு லைப்போ பேட்டரியில 11 வோல்ட்டு. சும்மா சுத்துனா நிமிசத்துக்கு 11 ஆயிரம். அதை மடியில வெச்சுட்டு த்ராட்டில் ரிவர்சா நார்மலான்னு மெனுவுல தேடிட்டு இருந்தே நேத்து. ஃபுடாபா மாதிரி சில பொட்டியில த்ராட்டிலைத் திருப்பி வெச்சாத்தான் மோட்டாரை ஓட்டற இஎஸ்சிக்கு ஒத்து வரும்; திருப்பாம வெச்சாக் கீழ இருக்கற குச்சி மேல இருக்கற மாதிரி அதுக்குத் தெரியும். உன்ற மடியில என்னென்ன இருக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை.

சுவிட்சு போடற வரிசையும் அப்படித்தான். மொதல்ல உன்ற கையில இருக்கற பொட்டி, பொறவு விமானம். நிறுத்தறப்ப மொதல்ல விமானம், பொறவு பொட்டி. மூக்கணாங்கயித்தைக் கையில புடிக்காம எவனாச்சும் காளைய அவுத்து உடுவானா? காங்கயத்துக்காரனுக்கு இதைச் சொல்லோணுமா?

வயரைச் சொருகறதுலயும் ஒரு கூத்து இருக்குது. ஃப்ளைஸ்கை, ஃபுடாபா பொட்டிக்கெல்லாம் ஒண்ணாம் நம்பர் ஏலரான், ரெண்டு எலிவேட்டர், மூணு த்ராட்டில், நாலு ரட்டர். ஸ்பெக்ட்ரம்காரனுக்கு ஒண்ணு த்ராட்டில், ரெண்டு ஏலரான், மூணு எலிவேட்டர். பழைய ரிசீவர்ல எப்படி இருந்துச்சோ அப்படியே புதுசுல சொருகினா, ஏலரானை ஆட்டறப்ப மோட்டார் சுத்தும். அதுக்கும் ‘அசையுது’ன்னுதான் சொல்லுவே.

இப்ப சர்வோவுக்கு வா. 9 கிராம், வெத்தலைப் பாக்கு எடை. அது மேல இருக்கற வெள்ளைக் கையைக் கண்ணால பார்த்து நடுவுல மாட்டிப்போட்டே. சர்வோவுக்கு நடு எதுன்னு அதுக்குக் கரண்டு குடுத்தாத்தான் தெரியும். ரிசீவர்ல இருந்து 1500 மைக்ரோ செகண்டு நீளத்துக்கு ஒரு துடிப்பு வந்தா நடு. 1000 ஒரு கோடி, 2000 இன்னொரு கோடி. ட்ரிம்மெல்லாம் சைபர்ல வெச்சு, ரெண்டையும் ஆன் பண்ணி, அது தன்னால நடுவுக்கு வந்து நின்ன பொறவு கையை மாட்டு. பல்லு கொஞ்சம் தள்ளி உக்காரும். கையைத் திருப்பித் திருப்பி வெச்சு, கம்பிக்கு நேர்குத்தா எந்தப் பல்லுல வருதோ அதுல முடுக்கு. மிச்சத்தைக் கம்பி நீளத்துல சரி பண்ணு. அப்பவும் ஒரு மயிரிழை இருந்தாத்தான் சப்-ட்ரிம்.

நீ என்ன பண்ணினே? கை கோணையா நிக்குது, ஸ்க்ரீன்ல சப்-ட்ரிம்மைப் போட்டு இழு இழுன்னு இழுத்து நேராக்கிட்டே. கோணையாக் கட்டின செவுத்துக்குக் கலவையப் பூசி நேராக் காட்டற கொத்தன் வேலை அது. நின்னா நேராத் தெரியும். மேல போறப்ப ஒரு அளவு போகும், கீழ போறப்ப வேற அளவு போகும். நடுவுல இருந்தே ஒரு பக்கமாத் தள்ளி நிக்கறவனுக்கு அந்தப் பக்கம் போக எடம் ஏது?

காதைக் குடு. இல்லை, என்ற வாய்க்கு இல்லை, றெக்கைக்கு. குச்சியக் கோடி வரைக்கும் தள்ளிட்டுக் காதை வெச்சுக் கேளு. ‘ங்ஙீ’ன்னு ஒரு முனகல் கேக்குதா? சர்வோ இன்னும் திரும்பப் பார்க்குது, கம்பியோ ஏலரானோ எங்கயோ முட்டி நிக்குது. போர்ல தண்ணி இல்லாம மோட்டார் உறுமற மாதிரி. முட்டிட்டு நிக்கற சர்வோ கரண்டைக் குடிக்கும். இஎஸ்சியில இருந்து வர்ற 5 வோல்ட்டுதான் ரிசீவருக்கும் சோறு. நாலு சர்வோவும் ஒண்ணா முட்டினா வோல்ட்டு படுத்துக்கும், ரிசீவர் மயக்கம் போட்டுரும். ஆகாசத்துல அது ஒரு செகண்டு மயங்கினாப் போதும். மெனுவுல எண்டு பாயிண்டைக் கொறை. அதுக்கும் முந்தி, கம்பிய சர்வோ கையில உள் ஓட்டைக்கும், ஏலரான் ஹார்ன்ல வெளி ஓட்டைக்கும் மாத்திப் பாரு. அசைவு கொறையும், பலம் கூடும். காசு செலவில்லை, மெனுவும் இல்லை. அதனாலதான் உனக்குத் தோணலை.

திக்குப் பார்க்கறதுக்கு வாத்தியார் மறுவாரம் ஒரு சூட்சுமம் சொல்லிக் குடுத்தாரு. மாட்டு வண்டியில குந்தற மாதிரி, விமானத்தின் வாலுக்குப் பொறகால நில்லு. மூக்குக்கு நேர நின்னுட்டு வலது எடதுன்னு பார்க்கறவன் கண்ணாடி பார்த்துத் திருநீறு வெக்கறவன். கட்டைவிரலைக் குச்சி மேல நட்டமா நிறுத்து. வலப்பக்கம் தள்ளு. விரல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்து ஏலரான் மேல எந்திரிக்கோணும், எதிர்ப்பக்கம் கீழ எறங்கோணும். ‘மேல எந்திரிச்சா அந்தப் பக்கம் தூக்குமில்லீங்களா?’ன்னு கேக்கறயே, அங்கதான் எல்லாரும் ஏமாறறாங்க. ஏலரான் மேல எந்திரிச்ச றெக்கைக்குத் தூக்கறதுக்கு உண்டான தெம்பு கொறையும், அது கீழ சாயும். கீழ எறங்கின பக்கந்தான் தூக்கும். எலிவேட்டருக்குக் குச்சிய வயித்துப் பக்கம் இழு. வால்ல இருக்கற பலகை மேல எந்திரிக்கோணும். ரட்டருக்குக் கேக்கவே வேண்டாம், வலதுன்னா வலது. தப்பா இருந்தா மெனுவுல ரிவர்ஸ்னு ஒண்ணு இருக்குது, அதைப் போட்டா முடிஞ்சுது. ஒரு நிமிச வேலை. இதுக்குத்தான் வாத்தியார் நாலு மாசம் குடுத்தாரு.

எக்ஸ்போன்னு ஒண்ணு வெச்சிருக்கறே பாரு, நடுவுல குச்சிய மெத்துனு ஆக்கறதுக்கு. ஃபுடாபாக்காரனுக்கு மைனஸ் போட்டா மெத்துனு ஆகும், ஸ்பெக்ட்ரம்காரனுக்கு ப்ளஸ் போட்டா ஆகும். மாத்திப் போட்டா நடுவுல தொட்டாலே துள்ளும். எவனோ சொன்ன 30ஐ நீ அப்படியே போட்டிருக்கறே. முன்னால கோடு இருக்குதா இல்லையான்னு பார்த்தியா? ஸ்க்ரீன்ல ஒரு வளைவு காட்டுது, அது நடுவுல படுத்த மாதிரி இருக்கோணும்.

ஏரியலுக்கு வர்றேன். ரிசீவர்ல இருந்து ரெண்டு மீசை வருது. அதுல நுனியில தோலுரிச்சாப்பல இருக்கற 3 சென்டிமீட்டர் மட்டுந்தான் காது, மத்ததெல்லாம் காதுக்குப் போற வயரு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், அதுல கால் பங்கு. அந்த ரெண்டு நுனியும் ஒண்ணுக்கொண்ணு ‘எல்’ மாதிரி நிக்கோணும். நீ ரெண்டையும் சேர்த்து முறுக்கி, பேட்டரிக்கு அடியில திணிச்சு, மேல டேப்பு ஒட்டி, அழகா இருக்குதுங்கறே. கார்பன் குழாய் பக்கத்துல வெக்காதே, அது அலைய மறைச்சுப்போடும்.

உன்ற கையில இருக்கற பொட்டி ஏரியலுக்கு ஒரு உளுந்து வடையை நெனைச்சுக்க. ஏரியல் வடை ஓட்டைக்குள்ள நிக்குது. அலை வடை மாதிரிச் சுத்தியும் நல்லாப் போகும். நுனிக்கு நேர மட்டும் ஓட்டை, அங்க ஒண்ணுமில்லை. துப்பாக்கி மாதிரி ஏரியல் நுனிய விமானத்துக்கு நேரா நீட்டறயே, நீ அதுக்கு ஓட்டையக் காட்டறே. பக்கவாட்டுல மடக்கி வை. வடையத் திங்கக் குடு.

ரேஞ்சு செக்கை உட்டா நானே பொட்டியப் புடிங்கி வெச்சுக்குவேன். மெனுவுல அதைப் போட்டாப் பொட்டி கொரலைத் தாழ்த்திக்கும். 30 எட்டு நடந்து போயி அங்கிருந்து ஆட்டிப் பாரு. மொதல்ல மோட்டார் இல்லாம, பொறவு மோட்டார் முழுசா ஓடறப்ப. நான் றெக்கைக்குப் பொறகால உக்காந்து இறுக்கிப் புடிச்சுக்கறேன், அதான் என்ற பழைய உத்தியோகம். மோட்டார் ஓடறப்ப மட்டும் சர்வோ நடுங்குச்சுன்னா வயரை மாத்திக் கட்டோணும். ‘இதுக்கு ப்ரொப்பெல்லர் வேணுமே’ங்கறே. வேணும் வேணும். கெடைக்கறப்பப் பார்க்கலாம்.

நடிகர் அஜித்குமாரும் இந்த வெளையாட்டுக்காரருதான்னு சொல்லிட்டிருந்தே. ஆமா, 2018ல குரோம்பேட்டை எம்ஐடி பசங்களோட ட்ரோன் செய்யற தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகரா இருந்தவரு. நீ அவருகிட்ட இருந்து கத்துக்கிட்டது கூலிங் கிளாசு மட்டுந்தான், அதையும் நெழல்ல போட்டுட்டு நிக்கறே. அப்பறம் கோயமுத்தூர்ல உன்ற ஹாஸ்டல் மொட்டை மாடியில பறக்கவுடறேன்னு சேக்காளிக்குப் போன்ல வாக்குக் குடுத்தே பாரு. பீளமேட்டுல ஏர்போர்ட்டு, அக்கட்டால சூலூர்ல விமானப்படை. அவனுக வெளையாட்டுக்கு வர்றதில்லை. 2021ல ட்ரோன் விதி வந்திருக்குது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு ஆகாசத்தைப் பாகம் பிரிச்சு வெச்சிருக்காங்க. பச்சையிலயும் 400 அடிக்கு மேல போகக் கூடாது. நம்ம கொறங்காடு எந்தக் கலர்னு மொதல்ல பாரு. பாகப்பிரிவினையில நம்ம குடும்பத்துக்கு நல்ல அனுபவம் இருக்குது.

கொறங்காட்டுலயும் நடுவால நில்லு. கெழக்கால ரெண்டு வெள்வேல மரம் நிக்குது. மரம் நகராது, உன்ற விமானந்தான் அதைத் தேடிப் போகும். ஆடி பொறந்துட்டாப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எறங்கிரும். அதுல அம்மியும் பறக்கும்னு சொன்னாங்க, ரேடியோ இல்லாமலே. அதுக்குள்ள முடிச்சுக்க.

பழைய விமானத்தோட செட்டிங்கையும் அது பேருலயே பொட்டியில வெச்சிருக்கறே. கெளப்பறதுக்கு முந்தி ஸ்க்ரீன்ல எந்தப் பேரு இருக்குதுன்னு ஒருக்காப் படி. கன்னுக்குட்டியக் கூப்பிட்டுட்டு எருமையக் கறக்காதே.

சரி, நேரமாச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். நீ இன்னைக்கு ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் ஒழுங்கா வை. நாளைக்கு ஞாயித்துக்கெழமை, ஆறு மணிக்குக் காத்து எந்திரிக்கறதுக்கு முந்தி விமானத்தைத் திண்ணைக்குக் கொண்டா. வாலுக்குப் பொறகால நின்னு, கட்டைவிரலை வெச்சு, வலது ஏலரான் எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குக் காட்டு. பொட்டிய அணைச்சு மோட்டார் நிக்கறதையும் காட்டு. ப்ரொப்பெல்லர் அட்டாலியில, கருப்பட்டிப் பானைக்குள்ள இருக்குது. எலி இல்லை, நான்தான் வெச்சேன். ஏணியும் என்ற கட்டிலுக்கு அடியில இருக்குது.